பூதலிங்கக் கரடி அடைகாத்த கதை

அருவியில் சக்கரம் கட்டிக் கரண்ட் எடுத்துக்கொண்டிருந்த ஒரு காட்டில், பூதலிங்கம் என்ற கரடி வாழ்ந்து வந்தது. தேன் எடுக்கும் தொழிலை விட்டுவிட்டு, நாள் முழுக்கக் குகையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் சண்டை விளையாட்டு ஆடுவதுதான் அதற்கு வேலை.

பக்கத்துப் புதரில் செங்கமலம் என்ற காட்டுக்கோழி குடியிருந்தது. அதற்குப் படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கும் உத்தியோகம். பகலில் அடைகாக்க ஆளில்லை. அதனால் முட்டைகளைக் கூடையில் அடுக்கி, மேலே ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டுவிட்டு வேலைக்குப் போகும். கரடி ஆட உட்கார்ந்தால் பல்பு மங்கிவிடும். முட்டைகள் சில்லிட்டுப்போகும்.

கோழி சிங்கராஜாவிடம் போய் அழுதது.

"கரண்டையெல்லாம் அந்தக் கரடியே தின்னுடுது மகாராஜா. என் பிள்ளைங்க ஓட்டுக்குள்ளேயே விறைச்சுப்போயிடும்."

சிங்கம் நெளிந்தது. அதன் குகையிலும் டிவியோடு இணைத்த கேம் பெட்டி ஒன்று உண்டு. இருந்தாலும் நியாயம் என்று ஒன்று இருக்கிறதே! மரங்கொத்தி சம்பந்தத்தைக் கூப்பிட்டு, ஒரு மீட்டரைக் கொடுத்து, காட்டிலுள்ள விளையாட்டு மெஷின்கள் எவ்வளவு கரண்ட் இழுக்கின்றன என்று அளந்து வரச் சொன்னது.

சம்பந்தம் நேர்மையான பறவை. ராஜாவின் கேம் பெட்டியிலேயே ஆரம்பித்துவிட்டது.

"அது அணைஞ்சுதானே இருக்கு?" என்றது சிங்கம்.

"அணைச்சாலும் இழுக்குது மகாராஜா."

"தூங்குறவன் மூச்சு விடமாட்டானா? போய்க் கரடியை அள."

கரடி வீட்டில், சுவருக்கும் பிளக்குக்கும் நடுவே மீட்டரைச் சொருகியது சம்பந்தம். கரடி பரம சாதுவாகச் சீட்டு விளையாட்டு ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டது. மீட்டர் முள் லேசாகத்தான் ஆடியது.

"இந்த நடிப்பெல்லாம் வேணாம். தினமும் ஆடுறதை ஆடுங்க."

கரடி சண்டையைத் தொடங்கியது. உள்ளே ஃபேன் அலறியது. முள் கடைசிவரை ஓடி முட்டிக்கொண்டு நின்றது. அந்த நொடியே செங்கமலத்தின் பல்பு பொட்டென்று அணைந்தது.

அன்று லீவு போட்டிருந்த கோழி, கூடையோடு குகைக்குள் பாய்ந்தது. "கொலைகாரா!" என்று கத்திக்கொண்டு, கரடியின் மண்டையைக் கொத்துவதற்குக் கம்ப்யூட்டரைச் சுற்றி ஓடியது. பெட்டியின் பின்பக்கத்திலிருந்து வெதுவெதுவென்று காற்று அதன் மேல் அடித்தது. கோழி நின்றது. சிறகை நீட்டிச் சூடு பார்த்தது. கூடையை அங்கேயே வைத்தது.

மறுநாள் கரடிக்குச் சலித்துப்போனது.

"கை வலிக்குது தங்கச்சி. கொஞ்ச நேரம் சீட்டாடிக்கிறேனே."

"சீட்டாடினா சூடு வராது. அந்தப் பெரிய ராட்சசனோட சண்டை போடுங்கண்ணே."

"அவன் என்னைக் கொன்னுடுவான்மா!"

"சாவுங்க. செத்துச் செத்துப் பிழைங்க. முட்டை ஆறக்கூடாது."

கரடி கண் எரிய எரிய ஆடியது. எழுந்தால் கொத்து விழுந்தது. கோழியே இலந்தைப்பழம் கொண்டுவந்து ஊட்டிவிட்டது. ஒருவழியாக ஓடு கீறி, குஞ்சுகள் தத்தித் தத்தி வந்து கரடியின் ரோமத்துக்குள் புகுந்துகொண்டன. தோற்றாலும் அழாத பூதலிங்கம் அன்று தேம்பித் தேம்பி அழுதது.

சபை கூடியது.

"இழுத்த கரண்டில் ஆட்டத்துக்கு எவ்வளவு, அடைக்கு எவ்வளவு?" என்றது சிங்கம்.

"பிரிக்க முடியாது மகாராஜா. ரெண்டும் ஒரே கரண்டுதான்," என்றது சம்பந்தம்.

"அப்படியானால் மொத்தமும் அடைக்கே என்று அறிவி."

அன்றே சிங்கம் எங்கிருந்தோ ஒரு முட்டையை வரவழைத்துத் தன் கேம் பெட்டிக்குப் பின்னால் வைத்துக்கொண்டது. அது ஆமை முட்டையா, பாம்பு முட்டையா என்று யாரும் கேட்கவில்லை. மற்ற மிருகங்களும் ஆளுக்கொரு முட்டையோடு ஆட உட்கார்ந்தன. காட்டில் ஒரு விளக்கும் எரியவில்லை. ஆனால் விளையாட்டுக்காகத் துளிக் கரண்டும் செலவாகவில்லை என்று சம்பந்தம் இருட்டில் தட்டுத்தடுமாறி வீடு வீடாக அறிவித்துவிட்டு வந்தது.

நீதி: எவ்வளவு கரண்டை வேண்டுமானாலும் இழுக்கலாம், அளக்க வருகிறவர் கண்ணில் படும்படி ஒரு முட்டை இருந்தால் போதும்.