தலை போன தபால்தலை

வெந்நீரிலிருந்து எடுத்த தபால்தலையில் நான்கு பேருக்குப் பதிலாக மூன்று பேர்தான் இருந்தார்கள்.

மதலைமுத்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி எண்ணினான். மூன்றேதான். மை கரைந்த தடம்கூட இல்லை. நாலாவது ஆள் எழுந்து வெளியே போய்விட்டதுபோல நாற்காலி மட்டும் காலியாக நின்றது.

மகாராஜா காலத்து மைசூரில் ஒரு விளையாட்டுச் சங்கத்துக்கு அவன் குமாஸ்தா. ஐரோப்பாவில் எங்கோ கூடிய சர்வதேச விளையாட்டு நிர்வாகிகள் மாநாட்டின் நினைவாக வெளியிட்ட தபால்தலை அது. நிர்வாகிகள் நால்வர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் படம். காரியதரிசி எட்வர்ட் அதை உறையோடு கொடுத்து, "பக்குவமா உரிச்சு எடுத்துட்டு வா. நாளைக்கு ஆல்பத்துல ஒட்டணும். ஏதாச்சும் ஆச்சு, வேலைக்கே வர வேணாம்" என்று சொல்லியிருந்தார்.

ஆட்டக்காரர்களின் குழுப் படங்களில் மங்கிப்போன முகங்களைத் தூரிகையால் திருத்துவதில் மதலைமுத்து கெட்டிக்காரன். தபால்தலையை உலர்த்தி, காலி நாற்காலியில் ஓர் ஆளை வரைந்து உட்கார வைத்தான். வெள்ளைக்கார முகம் கைக்கு வரவில்லை. பால்காரன் தொட்டையனின் முகம்தான் வந்தது.

மறுநாள் காலை தொட்டையன் பால் செம்போடு வந்தான். ஊற்றவில்லை. இமைக்காமல் வாசலில் நின்றான்.

"ஊத்தப்பா, நேரமாகுது" என்றாள் மதலைமுத்துவின் மனைவி செலின்.

"தலைவர் அவர்களே! பாலில் தண்ணீர் கலப்பது குறித்து ஒரு தீர்மானத்தை முன்மொழிகிறேன்." தொட்டையனின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது.

"ஏனப்பா, காலையிலேயே குடிச்சுட்டு வந்தியா?"

"ஆமோதிக்க ஒருவர் வேண்டும்" என்றபடி தொட்டையன் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

மதலைமுத்து ஓடிப்போய்த் தபால்தலையைப் பார்த்தான். அதில் தொட்டையன் பத்திரமாக இருந்தான். அவனுக்குப் பக்கத்து நாற்காலி காலி.

அதையும் நிரப்பினான். அவசரத்தில் எதிர்வீட்டுத் தையற்காரர் மாரிசாமியின் ஜாடை விழுந்துவிட்டது. மை காய்வதற்குள் மாரிசாமி கழுத்தில் அளவு நாடாவோடு வந்து நின்றார்.

"ஆமோதிக்கிறேன்." அதே கிணற்றுக் குரல்.

அவரும் தொட்டையன் பக்கத்தில் உட்கார்ந்தார். செலின் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"என்னங்க, இவங்க மூச்சு விடறாங்களான்னே தெரியலையே! காப்பி குடுக்கறதா வேணாமா?"

"குடுக்காதே. திருப்பி அனுப்பப் பாக்கறேன்."

பிளேடு நுனியால் படத்திலிருந்த தொட்டையனைச் சுரண்டினான். கூடத்தில் தொட்டையன் கன்னத்தைப் பொத்திக்கொண்டு அலறினான். விரலிடுக்கில் ரத்தம் கசிந்தது. மதலைமுத்து பிளேடை வீசி எறிந்தான். அதற்குள் தபால்தலையில் மூன்றாவது நாற்காலியும் காலியாகியிருந்தது.

இனி ஒரு கோடுகூடப் போடுவதில்லை என்று தூரிகையைக் கீழே வைத்தான்.

கூடத்திலிருந்து இரண்டு குரல்களும் ஒன்றாகக் கேட்டன. "மூன்றாவது உறுப்பினர் எங்கே?"

இருவருடைய முகங்களும் மெல்லத் திரும்பிச் செலினைப் பார்த்தன.

 மதலைமுத்து செலினைச் சமையலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினான். தபால்தலையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சங்க அலுவலகத்துக்கு ஒரே ஓட்டமாக ஓடினான்.

நடந்ததைக் கேட்டபடி எட்வர்ட் பூதக்கண்ணாடி வைத்து அதை நிதானமாகப் பார்த்தார். கோபிக்கவில்லை.

"சார், எனக்கு வேலையே வேணாம். அந்த ரெண்டு பேரையும் பழையபடி ஆக்கிடுங்க, போதும்" என்று மதலைமுத்து அழுதான்.

எட்வர்ட் அவன் தோளில் தட்டிக் கொடுத்தார்.

"அட, பயப்படாதேப்பா. உனக்கு முன்னாடி இருந்த குமாஸ்தா இதே மாதிரி ஒரு தபால்தலையில என்னை வரைஞ்சப்போ, நான் மார்க்கெட்டுல வெங்காயம் வித்துக்கிட்டிருந்தேன்."