நோர்வேக்குப் போன பெட்டிகள்

ஹம்பேர்க் துறைமுகம்,
செவ்வாய்க்கிழமை.

மதிப்புக்குரிய மச்சான் சோதிலிங்கம் அவர்கட்கு,

இராசலிங்கம் எழுதிக்கொள்வது. தங்கள் வீட்டுக்கு அருகே ஊன்ட்றொப்பில் எழுந்தருளியிருக்கும் காமாட்சி அம்பாள் அருளால் நானும் தங்கள் தங்கை குணேஸ்வரியும் நலமாக, ஏறக்குறையத் தரையில், இருக்கிறோம். தாங்களும் முழங்கால் வலி குறைந்து சுகமாயிருக்க வேண்டுகிறேன்.

வட்சப்பில் சொல்லாமல் கடிதம் எழுதுவதற்குக் காரணம் உண்டு. போன வருடம் பல்லுப் பிடுங்கிவிட்டு நான் அனுப்பிய குரலைத் தாங்கள் குடும்பக் குழுவில் போட்டதை நான் இன்னும் மறக்கவில்லை. இது அதைவிடப் பாரதூரமான விடயம்.

நான் ஓய்வு பெற்றதற்காக மகள் தேனுஜா ஒரு வருடம் லீவே எடுக்காமல் உழைத்து, எங்களை உல்லாசக் கப்பலில் நோர்வேக்கு அனுப்பியது தாங்கள் அறிந்ததே. ரொட்டர்டாமில் ஏறினோம். ஏறிய நேரம் முதல் குணேஸ் கட்டிலைப் பிடித்த பிடி விடவில்லை. நெற்றியிலும் நெஞ்சிலும் சித்தாலேபத் தைலம் பூசிப் பூசி அந்த நடைபாதை முழுவதும் மணத்தது. பசி பொறுக்காமல் சாப்பிட வந்தபோதும் உயிர்காப்பு அங்கியைப் போட்டுக்கொண்டே வந்தாள். பரிமாறுகிறவன், கப்பலுக்கு ஏதோ நடந்துவிட்டதாக்கும் என்று நினைத்துத் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடினான். நான் என்னவோ மேல்தளத்தில் காற்று வாங்கிக்கொண்டு, சூப்புக் குடித்துக்கொண்டு நிம்மதியாகத்தான் இருந்தேன். அவளைக் குறை சொல்லவில்லை மச்சான். சண்டைக் காலத்தில் கிளாலிக் கடலில் வள்ளத்துக்குள் ஏறிய தண்ணீரைப் பால்மா ரின்னால் அள்ளி இறைத்தபடி தப்பி வந்தவளுக்குக் கடல் என்றால் பயம் இருக்கும்தானே.

முதல் தரிப்பு ஹம்பேர்க். வெளிநாடு பார்க்கப் புறப்பட்டு, நாங்கள் இருக்கிற ஜேர்மனிக்கே வந்து இறங்கினோம். அங்கே ஒரு பழைய பயணிகள் கப்பல் நிற்கிறது. ஒரு காலத்தில் ஊரை விட்டு வெளிக்கிட்ட சனத்தை அமெரிக்காவுக்கு ஏற்றிப்போனதாம். இப்போது பாதி நூதனசாலை, பாதி விடுதி. சுற்றிக் காட்டிய பொடியன் ஜூலியன் எங்களிடம் இங்கிலிசில், "எந்த நாட்டிலிருந்து வருகிறீர்கள்?" என்று ஆசையாகக் கேட்டான். "டுசல்டோர்ஃப்" என்றேன். முகம் வாடிவிட்டது.

முதலாம் வகுப்புச் சாப்பாட்டு மண்டபம், இயந்திர அறை எல்லாம் பார்த்து, மூன்றாம் வகுப்பு அறைக்கு வந்தோம். ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரும்புக் கட்டில்கள். உட்காரக்கூடாது என்று கயிறு கட்டியிருந்தது. குணேஸ் கேட்டாள், "தம்பி, இது ஆடாதோ?" நான் மொழிபெயர்த்தேன். "இருபது வருடமாக ஒரு அங்குலமும் அசையவில்லை" என்றான் ஜூலியன். அவ்வளவுதான். கயிற்றைத் தூக்கிவிட்டு உள்ளே போய், உயிர்காப்பு அங்கியோடு படுத்துவிட்டாள். மெத்தை கல்லு மாதிரி. ஆனால் அசையாத கல்லு, மச்சான், அந்தச் சுகம் படுத்தவருக்குத்தான் தெரியும்.

குறட்டை கேட்டது. ஜூலியன் எழுப்ப மனமில்லாமல் போய், அடுத்த கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவர்கள் இதையும் காட்சியில் ஒரு பகுதி என்று நினைத்து மெதுவாகப் படம் எடுத்தார்கள். ஒரு கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

ஐந்து மணிக்கு எங்கள் கப்பல் ஊதியது. உலுக்கி எழுப்பினேன். "போறதெண்டா நீங்கள் போங்கோ. நான் இதிலைதான் இருக்கப் போறன்" என்று திரும்பிப் படுத்துவிட்டாள். பெண்சாதியை விட்டுவிட்டு நோர்வேக்குப் போகிற மனிதன் நான் இல்லை. பெட்டிகளும் என் பிரஷர் குளிசையும் தனியாகப் போகின்றன. நாங்கள் இங்கேயே அறை எடுத்திருக்கிறோம்.

தேனுஜாவின் முகத்தில் முழிக்க எனக்குத் தைரியம் இல்லை. அம்மாதான் பயந்துவிட்டாள், அப்பா என்ன செய்வார் என்று தாய்மாமனாகிய தாங்களே பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். வீட்டில் அனைவருக்கும் எங்கள் அன்பும், சின்னதுகளுக்கு ஆசீர்வாதமும்.

தங்கள் அன்புள்ள மைத்துனன்,
இராசலிங்கம்

பி.கு.: அண்ணை, குணேஸ் எழுதுறன். உறையில போட்டு ஒட்டச் சொல்லித் தந்தவர், வாசிச்சுப் போட்டன். மேல்தளத்தில காத்து வாங்கினதும் சூப்புக் குடிச்சதும் நான். மற்றதெல்லாம் அவர். அங்கியை இப்பவும் கழட்டேல்லை. கிளாலியில தண்ணி இறைச்சதும் அவர்தான். இத்தனை வருசமா நித்திரையிலயும் அவரின்ரை வலக்கை இறைச்சுக்கொண்டே இருக்கும், நான் ஒருத்தருக்கும் சொன்னதில்லை. அந்தக் கட்டிலில படுத்த உடனை கை நிண்டிட்டுது. கப்பல் ஊதினது எனக்கு வடிவாக் கேட்டது. அவர் முழிக்காமலிருக்க எழும்பிப் போய் அந்த அறையின்ரை வட்ட யன்னலைச் சாத்திப் போட்டு வந்து பக்கத்தில இருந்தன். பிள்ளையிட்டை, அம்மாதான் பயந்தவ எண்டே சொல்லுங்கோ. குழுவில மட்டும் போட்டிடாதேங்கோ.