காதுக்கு உகந்த பெயர்

மனித நாகரிகம் பிறப்புப் பதிவு அலுவலகத்தின் மூன்றாம் எண் சன்னலில் தொடங்கியது. அதற்கு முன்பு மக்கள் தங்கள் பிள்ளைகளுக்குத் தங்களுக்குப் பிடித்த பெயரை வைத்துக்கொண்டு காட்டுமிராண்டிகளாகத் திரிந்தார்கள் என்பதை இன்றைய தலைமுறை மறந்துவிடக் கூடாது.

அந்தச் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் பதிவாளர். அவருடைய காதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உங்களுக்கும் எனக்கும் காது என்பது கேட்பதற்கும் கண்ணாடியை மாட்டிக்கொள்வதற்கும் உதவுகிற உறுப்பு. பதிவாளரின் காதோ அனுபவித்தது. சில பெயர்களைக் கேட்டால் அவருக்குப் பல் கூசும். சில பெயர்கள் முதுகில் அரிக்கும். ஒரு பெயரைக் கேட்டு, மூன்று நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆரம்பத்தில் அவர் எதுவும் சொல்ல மாட்டார். பெயர் சரியில்லை என்றால் முகத்தைச் சுளிப்பார், அவ்வளவுதான். பெற்றவர்கள் புரிந்துகொண்டு வேறு பெயர் எழுதுவார்கள். ஒருமுறை அவர் தும்மியதற்கே ஒரு தகப்பன் மகனின் பெயரை மாற்றிவிட்டுப் போனான். அன்று மின்விசிறியைத் துடைத்திருந்தார்கள்; தூசி. ஆனாலும் பதிவாளர் மறுக்கவில்லை. மக்களின் நம்பிக்கையைக் கெடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

இப்பேர்ப்பட்ட காது ஒரு சன்னலுக்குள் வீணாவதைப் பொறுக்காத மேலிடம், 'பொதுமக்களின் செவி நலன் கருதி' ஓர் ஆணை பிறப்பித்தது. 'பெயர் ஒலி நலக் குழு' உதயமானது. பதிவாளர் தலைவர். கணக்கரும் சுகாதார ஆய்வாளரும் உறுப்பினர்கள். நடவடிக்கைகளைக் குறித்துக்கொள்ள டைப்பிஸ்ட் அம்மாள். விதி எளிமையானது: ஒரு பெயரைக் கேட்டதும் உறுப்பினர் ஒருவருக்கேனும் 'அசௌகரியம்' ஏற்பட்டால், விண்ணப்பத்தின் மேல் 'நிலுவை' என்று முத்திரை விழும்.

குழு அமைந்த மறுவாரம் ஒரு வெல்டரும் அவன் மனைவியும் வந்தார்கள். அவள் ஒரு துணிக்கடையில் தையல் வேலை பார்ப்பவள். கையில் இருபது நாள் பெண் குழந்தை.

"பேரு?" என்றார் பதிவாளர்.

"பொறி" என்றான் வெல்டர்.

"எது?"

"பொறிங்க. இவ பொறந்த சேதி வந்தப்ப நான் வேலைல இருந்தேன். திரும்பிப் பாக்கறேன், பக்கத்துல ஒருத்தன் பத்தவைக்கறான், தீப்பொறி அப்படியே பூவாக் கொட்டுது. அந்த நிமிஷமே முடிவு பண்ணிட்டேங்க."

பதிவாளரின் இடது ஆள்காட்டி விரலில் சுரீரென்று ஒரு வலி எழுந்தது. ஏழு வயதில், ரொட்டித் துண்டுக்கு ஆசைப்பட்டு அவர் எலிப்பொறிக்குள் விட்ட விரல் அது.

"தம்பி, இந்தப் பேரைக் கேட்டா எனக்கு விரல் வலிக்குது."

"உங்க விரலுக்கும் எங்க பொண்ணுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்றாள் தையல்காரி.

"அதைக் கண்டுபிடிக்கத்தாம்மா குழு போட்டிருக்கு."

வியாழக்கிழமை குழு கூடியது. கணக்கர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "பொறின்னா இயந்திரம்னும் ஒரு அர்த்தம் உண்டு. எங்க வீட்டுல துணி துவைக்கிற இயந்திரம் ரிப்பேராகி ஒரு மாசமாச்சு. எனக்கு மனசே சரியில்ல" என்றார்.

"ஐம்பொறியை அடக்கணும்னு பெரியவங்க சொல்றாங்க. இந்த ஒரு பொறியே அடங்காது போல இருக்கே" என்றார் சுகாதார ஆய்வாளர். குழந்தை அப்போது வீறிட்டு அழுதுகொண்டிருந்தது.

மூவருக்கும் அசௌகரியம். முத்திரை விழுந்தது.

வெல்டர் தம்பதி சளைக்கவில்லை. அடுத்த மாதம் 'தூறல்' என்று எழுதிக்கொண்டு வந்தார்கள்.

"எங்க வீட்டு மாடி ஒழுகுது. நெனச்சாலே பக்கெட் எடுக்கணும் போல இருக்கு" என்றார் ஆய்வாளர். நிலுவை.

அதற்கடுத்து 'ஆழி'.

"கடல்னு நெனச்சுச் சொல்றாங்க. எனக்கென்னவோ 'அழி'ன்னுதான் கேக்குது" என்று கணக்கர் மேசையில் ரப்பரைத் தேடினார். நிலுவை.

அதற்கும் அடுத்து 'அலை'. பதிவாளருக்கு உண்மையாகவே அக்கறை பொங்கியது. "அம்மா, யோசிச்சுப் பாருங்க. அலைன்னு பேர் வச்சா புள்ளை வாழ்நாள் பூரா அலையாதா?"

"அவ எங்கங்க அலையறா? நாங்கதான் அலையறோம், ஆறு மாசமா" என்றாள் தையல்காரி. இந்தக் கூற்று 'தலைப்புக்குத் தொடர்பற்றது' எனக் குறிப்பேட்டில் பதிவாயிற்று.

கடைசியில் அவள் அலுத்துப்போய், தெருவுக்கு நாலு பெண்களுக்கு இருக்கிற சாதாரணப் பெயர் ஒன்றைக் கொண்டுவந்தாள். அது கணக்கரின் கொழுந்தியா பெயர். அவர்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. நிலுவை.

இப்படியாக மாதங்கள் வருடங்களாயின. வியாழக்கிழமைதோறும் அலுவலக நடைக்கூடத்தில் கூட்டம் நிறைந்திருக்கும். டைப்பிஸ்ட் அம்மாள் கதவைத் திறந்து, "நானூத்திப் பதினேழு... நிலுவை!" என்று குரல் கொடுப்பாள். வெல்டர் தம்பதி குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நிற்பார்கள். அந்தப் பெண் தவழ்ந்தது அந்தத் தரையில். முதல் அடி எடுத்து வைத்தது அங்கிருந்த பெஞ்சைப் பிடித்துக்கொண்டு. ஒருநாள் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நர்ஸ் வெளியே வந்து, "பேர் இல்லாத புள்ளை யாரு?" என்று கேட்டாள். நான்கு தாய்மார்கள் எழுந்தார்கள். நான்கில் எதற்கு எந்த ஊசி என்று தெரிவதற்குள் ஒருமணி நேரம் போய்விட்டது. தையல்காரி அந்த ஒருமணி நேரமும் மகளை மடியைவிட்டு இறக்கவில்லை.

குழுவின் ஆண்டறிக்கை இதையெல்லாம் மிகையில்லாமல் ஒரே வரியில் சொன்னது: 'இவ்வாண்டு முந்நூற்றுப் பன்னிரண்டு குழந்தைகள் தகாத பெயர்களிடமிருந்து காப்பாற்றப்பட்டுள்ளனர்.' பதிவாளருக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். அதன் நிறம் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நிறம் அவர் துறை இல்லை.

ஒரு ஞாயிறு காலை அவர் மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டாள். "அந்த வெல்டர் பொண்ணுக்கு இப்ப எத்தனை வயசு?"

"அஞ்சு நடக்குது."

"இன்னுமா பேர் வைக்கல?"

"அவசரப்பட்டு வைக்கிற விஷயமா அது? காதுன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"காதுக்கென்ன, நாலு நாள் கூப்பிட்டா தானாப் பழகிடும்." அவள் ஒரு சட்டையை உதறினாள். "ஆமா, எம் பேரு என்னன்னு ஞாபகம் இருக்கா உங்களுக்கு?"

இருந்தது. ஆனால் அது பள்ளிக்கூடத்தில் அவர் காதைத் திருகிய கணக்கு டீச்சரின் பெயராகவும் இருந்தது. அதனால் இருபத்தெட்டு வருடமாக அவர் அதைச் சொன்னதில்லை.

"இருக்கு, இந்தா" என்றார்.

மறுவாரம் குழு கூடியிருந்தபோது தையல்காரி தனியாக வந்தாள். இனி அந்தப் படியில் கால் வைக்க மாட்டேன் என்று வெல்டர் போன வருடமே சொல்லிவிட்டான். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இரட்டைச் சடையும் புதுப் பையுமாக மகள்.

"ஐயா, பள்ளிக்கூடத்துல சேக்க இன்னிக்குத்தான் கடைசி நாள். அஞ்சு மணிக்குள்ள பேரோட சர்ட்டிபிகேட் வேணுமாம். இல்லேன்னா ஒரு வருஷம் போயிடும். ஏதாவது ஒரு பேரைப் போட்டுக் குடுங்க. கையெடுத்துக் கும்பிடறேன்."

'ஏதாவது ஒரு பேர்' என்ற சொற்றொடர் குழுவைப் புண்படுத்தியது. ஆனாலும் பதிவாளர் இரக்கமுள்ளவர். மேசைமேல் குனிந்து குழந்தையைப் பார்த்துச் சிரித்தார்.

"பாப்பா, உன் பேரு என்ன?"

அந்தப் பெண் விறைப்பாக நின்று, தெளிவாகச் சொன்னாள்: "நிலுவை!"

"ஐயோ, அது பேரு இல்லடி!" என்று பதறினாள் தாய்.

"அப்படித்தானேம்மா இங்க எப்பவும் கூப்பிடறாங்க?"

பதிவாளர் கண்ணை மூடி அந்தப் பெயரை உள்ளுக்குள் உருட்டிப் பார்த்தார். விரல் வலிக்கவில்லை. பல் கூசவில்லை. முதுகு அமைதியாக இருந்தது.

"நி... லு... வை" என்றார் மெதுவாக. "ஆரம்பத்துல ஒரு குழைவு. நடுவுல ஒரு சுழிப்பு. முடியறப்ப அப்படியே படுத்துக்குது. அடடா!"

"எனக்கு யாரையும் ஞாபகப்படுத்தல" என்றார் கணக்கர் நெகிழ்ந்து.

"எங்கயும் ஒழுகல" என்றார் ஆய்வாளர்.

குழுவின் வரலாற்றில் முதன்முறையாக ஒரு பெயர் ஒருமனதாக ஏற்கப்பட்டது.

"ஐயா, அது நீங்க குத்தற முத்திரைங்க! எம் பொண்ணு பேரு பொறி!"

"புள்ளை தானா வாய் திறந்து சொல்லுதும்மா. குழந்தையோட விருப்பத்தை நாம மதிக்க வேண்டாமா?" என்றார் பதிவாளர்.

தையல்காரி டைப்பிஸ்ட் அம்மாளைப் பார்த்தாள். அவள் இயந்திரத்திலிருந்து கையை எடுக்காமல், தாழ்ந்த குரலில் சொன்னாள். "பின்னால பேரை மாத்த மனு குடுக்கலாம்மா. ஆனா அந்த மனுவும் இந்தக் குழுவுக்குத்தான் வரும்."

சுவர்க் கடிகாரம் நாலு இருபது காட்டியது. பள்ளிக்கூடம் பேருந்தில் அரைமணி தூரம். தையல்காரி பேனாவை வாங்கினாள். துணியில் கோடு பிசகாமல் தைக்கிற அந்தக் கை, கையெழுத்தை இரண்டு வரிக்குக் கீழே இழுத்துவிட்டது. சான்றிதழை மடித்து மகளின் பைக்குள் வைத்தவள், வாசல் வரை போய்த் திரும்பினாள்.

"ஐயா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்தப் பேரைக் கேட்டா உங்களுக்கு நெஜமாவே எதுவும் ஞாபகம் வரலையா?"

நியாயமான கேள்வி. பதிவாளர் அதை அலட்சியம் செய்யவில்லை. கூரை வரை கோப்புகள் அடுக்கிய அலமாரியில் தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, மனசாட்சியோடு ஒரு நிமிடம் யோசித்துப் பார்த்தார்.

"இல்லம்மா" என்றார். "எதுவுமே ஞாபகம் வரல. மனசு அவ்வளவு நிம்மதியா இருக்கு."