உயில் எழுதிய மாமா நலமாக இருப்பது குறித்து

கம்பம்
10.3.2008

அன்புள்ள மலைச்சாமி மாமாவுக்கு, ராஜாத்தி வணக்கத்துடன் எழுதுவது.

முதலில் மன்னிக்க வேண்டும். போன் இருக்கும்போது இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். நீங்கள் ஹலோ சொன்னதுமே எனக்குப் பாதி மறந்துவிடும். இங்கு எல்லோரும் சுகம். உங்கள் சுகத்தையும் அறிய ஆசை. எல்லாக் கடிதத்திலும் இப்படித்தான் எழுதுவார்கள். நான் உண்மையாகவே கேட்கிறேன். சளி, மூட்டுவலி எதுவும் இல்லையே?

பெற்றோர் இல்லாத பிள்ளைகளின் இல்லத்துக்கு நிதி திரட்ட என்னையும் விஜியையும் ஒரே நாளில்தான் வேலைக்கு எடுத்தார்கள். அவளுக்கு இன்டர்நெட் நன்கொடை, எனக்கு இல்லத்துக்குச் சொத்து எழுதிவைக்கும் உயில். அவளுக்கு துபாயில் ஒருவர் பட்டனைத் தட்டினால் போதும், எனக்கு ஒருவர் காலமாக வேண்டும், அதில் யாரும் அவசரம் காட்டுவதில்லை. தேவதானப்பட்டியில் ஒரு வீட்டில் உயில் பேச்சை எடுத்ததும் அந்த அம்மா, "ஏத்தா, காலங்காத்தால எங்க வீட்டுல யாரு சாவான்னு பாக்கவா வந்த?" என்று கேட்டுவிட்டு, கையில் கொண்டுவந்த மோரைத் தானே குடித்துவிட்டார். இரண்டு வருடத்தில் உயில் எழுதியவர் நீங்கள் ஒருவர்தான். விஜிக்கு இப்போது உருளும் நாற்காலி கொடுத்திருக்கிறார்கள். எனக்குப் பொறாமையெல்லாம் இல்லை மாமா. உருளும்போது சத்தம் வருகிறது, அவ்வளவுதான்.

இருவரில் ஒருவருக்குத்தான் வேலை நிரந்தரமாகும். வரும் சனிக்கிழமைக் கூட்டத்தில் முடிவு. நம் வீட்டிலேயே முதலில் பட்டம் வாங்கியவள் நான். இந்த வேலையும் போனால், "படிச்சுக் கிழிச்சது போதும், வா"ன்னு அம்மா திராட்சைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போய்விடும்.

அதனால்தான், உயில் எழுதியவர் பெயரை இல்லத்துச் சுவரில் எழுதலாம் என்று மேனேஜர் சிக்கந்தர் சாரிடம் நான் சொன்னேன். நம் பக்கத்தில் ஒரு டியூப்லைட் கொடுத்தாலே வெளிச்சம் மறைகிற அளவுக்குப் பெயர் எழுதுகிறோமே, தென்னந்தோப்புக்கு எழுதக் கூடாதா? பெயின்டர் சங்கிலி அண்ணனிடம் சீட்டு கொடுத்தேன்: உயில் மூலம் தென்னந்தோப்பு, ட்ரில் மாஸ்டர் மலைச்சாமி, கடமலைக்குண்டு. டீ வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் பெயருக்கு முன்னால் சிவப்பில் 'அமரர்' ஏறியிருந்தது. கேட்டேன். "உசுரோட இருக்கவுக யாரு தங்கச்சி தோப்பக் குடுக்குறாக? உயில்னா ஆளு போயிட்டாகன்னுதான எழுதுவோம்? பாரு, எடுப்பா இருக்கு" என்று பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டார்.

அழிக்கச் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் விஜி அதைப் போட்டோ பிடித்து, ஒரு விளக்குப் படமும் சேர்த்து வெப்சைட்டில் போட்டுவிட்டாள். அன்று சாயங்காலமே உங்கள் மாணவர்கள் சிங்கப்பூர், குவைத்திலிருந்தெல்லாம் உங்கள் நினைவாகப் பணம் அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். "சாரிடம் அடி வாங்கியதால்தான் இன்று இன்ஜினியர்" என்று முப்பது பேர் எழுதியிருக்கிறார்கள். நீங்கள் ஒருவரையும் அடித்ததில்லை என்று அத்தை சொல்லும். இந்தப் பணம் முழுக்க விஜியின் கணக்கில்! எனக்கு இருந்தது ஒரே உயில், மாமா, அதையும் அவள் அள்ளிக்கொண்டாள்.

சிக்கந்தர் சாரிடம் போய், "சார், மாமா இருக்காக" என்றேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இருக்காகம்மா, நம்ம மனசுல இருக்காக. அழுகாத" என்று எனக்கு அரைநாள் லீவு கொடுத்தார். விஜி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்க மாமா புண்ணியத்துலதான் ராஜி, இந்த மாசம் வெப்சைட்டு ஓடுது" என்று அழுதாள். அழுதுகொண்டே நாற்காலியில் உருண்டு கம்ப்யூட்டர் பக்கம் போய்விட்டாள்.

இதற்காக நீங்கள் மனசு சங்கடப்பட வேண்டாம். வெயிலில் பஸ் ஏறி அலையவும் வேண்டாம். விஜி நல்ல பெண்தான், யார் நிரந்தரமானாலும் பிள்ளைகளுக்குச் சோறு கிடைத்தால் சரி. நீங்கள் நூறு வயது இருக்க வேண்டும். என் ஃபைல் காத்திருக்கும். அத்தைக்கு என் அன்பு.

இப்படிக்கு,
ராஜாத்தி

பி.கு.: சனிக்கிழமை பத்து மணிக்குக் கூட்டம். முதல் பஸ்ஸுக்கே வந்துவிடுங்கள் மாமா. அந்தப் பழைய விசிலையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றும் பேச வேண்டாம். விஜியின் நாற்காலிக்குப் பின்னால் நின்று ஒரே ஒரு தடவை ஊதினால் போதும்.