தூரம் என்று நான் எழுதியது அடிக்கணக்கு

சங்கரன்கோவில்,
ஆனி 17

புளியங்குடி எலுமிச்சை மண்டி சம்பந்தி, மதிப்பிற்குரிய சங்கரநாராயணன் அவர்களுக்கு, கைலாசநாதன் தலை குனிந்து எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் இல்லாள் ஆனந்தவல்லியும் நலம் என்று எழுத வேண்டியது முறை. நலமாக இருப்பதாகச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருப்பதால், அந்த வரி எழுதப்பட்டதாகத் தாங்களே வைத்துக்கொள்ளவும். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாளும் என் மருமகள் வித்யாலட்சுமியும் குறைவில்லாமல் இருக்க வேண்டும்.

பதினோரு நாளாகத் தாங்கள் என் போனை எடுப்பதில்லை. அது நியாயம்தான். நான் போனில் பேசி எதுவும் சரியானதில்லை. ஆகவே ஸ்பீடு போஸ்ட்டில் இதை அனுப்புகிறேன். கோபத்தில் தாங்கள் பாதியில் கிழித்துப் போட்டாலும் மீதியில் என்ன இருந்தது என்று தெரிய வேண்டும் என்பதற்காக, சொல்ல வந்ததை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. மருமகள் கண்ணில் ஒளி தெரிந்ததும், என் முகத்தில் பாதி காணாமல் போனதும்.
2. நான் குறிப்பேடு போட்ட காரணம்.
3. அதில் ‘தூரம்’ என்று இருப்பது அடிக்கணக்கு.
4. மருத்துவமனையில் நான் நடந்துகொண்ட விதம்.
5. நான் யாரையும் அடிக்கவில்லை.
6. மருமகளுக்கு வந்திருக்கும் உபத்திரவத்துக்கு எங்கள் வீட்டில் யாரும் காரணமல்லர்.

பங்குனி உத்திரத்துக்கு எங்கள் சாஸ்தா கோவிலுக்குக் குடும்பத்தோடு போய் வந்த மூன்றாம் நாள் சாயங்காலம் அது. வித்யா வீட்டிலிருந்தே கணினியில் பார்க்கும் வேலையை முடித்துவிட்டு எனக்குக் காப்பி கொண்டு வந்தாள். டம்ளரை நீட்டியவள் கையை எடுக்காமல் என்னையே பார்த்தபடி நின்றாள். “மாமா, உங்க மூஞ்சில இடது பக்கத்தக் காணோம்” என்றாள். நான் கன்னத்தைத் தடவிப் பார்த்தேன், இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று கண்ணாடியிலும் போய்ப் பார்த்தேன். அடுக்களையிலிருந்து ஆனந்தவல்லி, “மிச்சம் இருக்கது எந்தப் பாதி? வாயத் தொறந்து பேசுத பாதியா, பேசாத பாதியா?” என்று கேட்டாள். வித்யா சிரிக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் அரிசி அளவுக்கு ஒரு வெளிச்சம் தெரிந்ததாம். அது அரைவட்டமாக வளர்ந்து, விளிம்பெல்லாம் வளைந்து ஒடிந்து, மினுமினுவென்று ஓடியதாம். நாட்காட்டியில் ‘ஞாயிறு’ என்பதில் அவளுக்கு ‘யிறு’ மட்டும் தெரிந்தது. அரை மணிக்குள் அந்த வெளிச்சம் கரைந்து போய், தலையின் ஒரு பக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டது வலி. மறுநாள் மத்தியானம் வரை அறையை இருட்டாக்கிக்கொண்டு படுத்திருந்தாள்.

இதன்பிறகு நாங்கள் செய்த வைத்தியங்களைச் சொன்னால் தாங்கள் எங்கள்மேல் இரக்கப்படக்கூடும், அல்லது கோபம் கூடும். ஆனந்தவல்லி திருஷ்டி என்று மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டாள். அந்த நெடியில் வித்யாவுக்கு வலி இரண்டு மடங்காகி, எனக்கும் தனியாக ஒரு தலைவலி வந்தது. கண்ணாடிக் கடையில் பரிசோதித்தார்கள். பார்வையில் குறையே இல்லை என்று சொல்லிவிட்டு, கூட வந்த பாவத்துக்கு எனக்கு ஒரு கண்ணாடி கொடுத்தார்கள். வீட்டு டியூப் லைட்டுகள்தான் காரணம் என்று நான் ஊகித்து எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மங்கலான பல்பு மாட்டினேன். அந்த மங்கலில் ஆனந்தவல்லி ரசத்தில் உப்புக்குப் பதில் சோடா உப்பைப் போட்டாள். எதுவும் பலிக்காத நிலையில்தான் எனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தேன். முப்பத்தாறு வருஷம் நில அளவைத் துறையில் இருந்தவன் நான். ஒன்று புரியவில்லை என்றால் அதை அளந்து எழுதிவைப்பேன். எழுதிவைத்தால் புரியும் என்று நம்பிக்கை. ஒரு நோட்டில் கட்டம் போட்டு, தேதி, மணி, திசை, வடிவம், தூரம், கால அளவு, குறிப்பு என்று தலைப்பு எழுதினேன்.

சம்பந்தி அவர்களே, இந்தத் தலைப்புகளில் ஐந்தாவதுதான் என் மானத்தை வாங்கியது. அந்த வெளிச்சம் கண்ணிலிருந்து எவ்வளவு தள்ளித் தெரிகிறது என்பதற்குத்தான் ‘தூரம்’ என்று போட்டேன். மாதாமாதம் பெண்கள் ஒதுங்கியிருப்பதையும் அதே சொல்லால் சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே ஆண்கள் காதில் விழாது, எனக்கோ அந்தச் சொல்லைக் கேட்டால் அளவுச் சங்கிலியும் எல்லைக்கல்லும்தான் ஞாபகம் வரும். வித்யா அப்போதே சொன்னாள்: “மாமா, அது கண்ணுக்குள்ளயே இருக்கு. அதுக்கு ஏது தூரம்?” நான் விடவில்லை. “உத்தேசமாச் சொல்லும்மா, போதும்” என்றேன். பாவம், பெரியவர் கேட்கிறாரே என்று ஆறடி, ஏழடி என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் என் வழக்கப்படி விவரமாக எழுதினேன். ‘தூரம்: ஆறு.’ ‘தூரம்: சென்ற முறையைவிட அதிகம்.’ ‘தூரம்: சந்தேகம். ஆனந்தவல்லியைக் கொண்டு விசாரிக்க வேண்டும்.’ ‘தூரம்: மருமகள் சொல்லத் தயங்குகிறாள், இரண்டு முறை கேட்டபின் சொன்னாள்.’ இதையெல்லாம் இப்போது திரும்ப எழுதும்போது என் கை கூசுகிறது.

வைகாசியில் மூவரும் திருநெல்வேலியில் ஒரு நரம்பு மருத்துவரிடம் போனோம். வெளியே ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அன்னக்கிளி என்ற நர்ஸ் வித்யாவிடம் மெதுவாகத்தான் கேட்டாள்: “தூரம் எப்ப வந்துச்சும்மா? ரெகுலரா இருக்கா?” வெளிச்சம் தெரிந்த தூரத்தை ஞாபகப்படுத்த வித்யா திணற வேண்டாமே என்று நான் நோட்டை விரித்துக்கொண்டு எழுந்து நின்றேன்.

“ரெகுலரா இல்லம்மா. ரெண்டுல இருந்து பத்து வரைக்கும் மாறுது. எல்லாம் நானே குறிச்சு வச்சிருக்கேன்” என்றேன்.

நர்ஸ் என்னைப் பார்த்தாள். “நீங்களா?”

“மீட்டர்லயும் தரலாம்” என்றேன்.

பக்கத்தில் மனைவியோடு உட்கார்ந்திருந்த கடையநல்லூர்க்காரர், மம்மது என்று பெயர், என் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்தார். “அண்ணாச்சி, இங்கன கொஞ்சம் உக்காருங்க. அவுக கேக்கது அளக்குத சமாச்சாரம் இல்ல” என்றார். அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். எனக்கு அப்போதும் விளங்கவில்லை. ஆனந்தவல்லி காதில் சொன்ன பிறகுதான் விளங்கியது. அந்த நாற்காலியோடு தரைக்குள் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உள்ளே மருத்துவர் பொறுமையாக விளக்கினார். கோளாறு கண்ணில் இல்லையாம். மூளையில் ஓர் அலை போல எழுந்து பார்வையில் மினுங்குமாம். ஒற்றைத் தலைவலியில் அது ஒரு வகையாம். தூக்கம் கெட்டாலும், பசித்திருந்தாலும், வெளிச்சம் குத்தினாலும் சிலருக்கு வருமாம். பெண்களில் சிலருக்கு மாதத்தின் அந்த நாட்களை ஒட்டி ஹார்மோன் ஏறி இறங்கும்போது கிளம்பக்கூடுமாம். “நாள் வாரியா யாராவது எழுதி வச்சா ரொம்ப உதவியா இருக்கும்” என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் நோட்டை இடுப்பில் செருகிக்கொண்டேன். ஆனாலும் வித்யாவுக்குச் சிரமம் வைக்காமல் மற்ற கேள்விகளுக்கெல்லாம் நானே பதில் சொன்னேன் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

அன்றே அந்த நோட்டைப் பரணில் போட்டிருக்க வேண்டும். டிவிக்குப் பக்கத்தில் வைத்தேன். சம்பந்தியம்மாள் ஒரு பை எலுமிச்சையோடு மகளைப் பார்க்க வந்தார்கள். ஆனந்தவல்லி காப்பி போடப் போன நேரம் பார்த்து நோட்டைக் கையில் எடுத்தார்கள். நான் கதவுக்குப் பின்னால் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். இடுக்கு வழியே ஆளும் தெரிந்தது, சத்தமும் தெளிவாகக் கேட்டது.

“ஏட்டி, இது யாரு எழுத்துட்டி?”

“மாமா எழுத்தும்மா. நீ தப்பா நினைக்காத. அது அடிம்மா.”

“அடியா?”

“ஆமாம்மா. ஆறு அடி, ஏழு அடின்னு.”

“தூரமான அன்னைக்கெல்லாம் ஆறு அடி, ஏழு அடியா? பாவி மனுசன், எண்ணி எழுதி வேற வச்சிருக்காராட்டி?”

வித்யாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாமல் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். அதைச் சம்பந்தியம்மாள் அழுகை என்று எடுத்துக்கொண்டார்கள். அப்போதே நான் வெளியே வந்து விளக்கியிருக்க வேண்டும். சம்பந்தி அவர்களே, நான் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். வெளியே வந்தபோது நோட்டும் இல்லை, மருமகளும் இல்லை. புளியங்குடி பஸ் போயிருந்தது. எலுமிச்சை மட்டும் இருந்தது.

சாயங்காலம் தாங்கள் போன் செய்தீர்கள். “வே, ஒத்தக் கேள்வி. என் மகளுக்கு அடி உண்டா, இல்லியா?” என்று கேட்டீர்கள். பதறிப்போய், நோட்டைப் பற்றித்தான் கேட்கிறீர்கள் என்று நினைத்து, “உண்டு சம்பந்தி, ஆனா பத்துக்கு மேல போனதில்ல” என்றேன். அதோடு தாங்கள் போனை வைத்தது எவ்வளவு சரி என்று இப்போது தெரிகிறது. வித்யா எடுத்துச் சொல்லியும், மாமனாரைக் காப்பாற்றுகிறாள் என்று தாங்கள் நம்பவில்லை என்பதை ஓசூரில் வேலையிலிருக்கும் என் மகன் குருபிரசாத் சொன்னான். அவன் என்னிடம் கடைசியாகச் சொன்னது: “அப்பா, நீங்க இனிமே யாருக்கும் எதையும் விளக்காதிய.” அதையும் மீறித்தான் எழுதுகிறேன்.

ஆறாவது எண்ணைப் பற்றி விரிக்க அதிகம் இல்லை. எங்கள் வீட்டில் அவளை யாரும் ஒரு சொல் கடிந்ததில்லை. வேளைக்குச் சாப்பாடு, அளவான வெளிச்சம், எந்தக் குறையும் வைக்கவில்லை. ஹார்மோன் என்பது உடம்பு தானாகச் செய்வது. அதற்கு மாமனார், மாமியார் என்ன செய்ய முடியும்? தாங்கள் யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம். ஆடித் தபசுத் திருவிழா முடிந்த பிறகுதான் வருவேன் என்று வித்யா சொன்னதாகக் கேள்விப்பட்டு ஆனந்தவல்லி கலங்கிப்போயிருக்கிறாள். கோமதியம்மன் தபசுக்கு ஊரே திரளும்போது வீட்டு மருமகள் இல்லாமல் இருப்பது எங்களுக்குத் தலைகுனிவு. ஆகவே ஆடித் தபசுக்கு முன்பாக அவளை அனுப்பி வைக்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். நோட்டை எரித்துவிட வேண்டாம்; மருத்துவரிடம் மறுபடி போகும்போது தேவைப்படும்.

சம்பந்தியம்மாளுக்கு என் மன்னிப்பையும், மருமகளுக்கு என் ஆசியையும் சொல்லவும். அம்பாள் அருளால் தங்கள் மண்டியிலும் மனையிலும் எல்லாம் பெருகட்டும்.

இங்ஙனம்,
கைலாசநாதன்

பின்குறிப்பு: சம்பந்தியம்மாள் எடுத்துப் போனது மூலப்பிரதி. நகல் ஒன்று எடுத்து வைப்பது எனக்குப் பழக்கம். அதுவும் இருக்கிறது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அதை இதோடு இணைக்கலாம் என்று எடுத்தவன், உறையை ஒட்டுவதற்கு முன்னால் தேதிகளை நாட்காட்டியோடு சரிபார்த்தேன். மிகக் கடுமையாக வந்தவை மூன்று. ஒன்று சாஸ்தா கோவிலுக்குப் போய் வந்த மூன்றாம் நாள். ஒன்று என் எழுபதாம் வயது சாந்தி முடிந்த மூன்றாம் நாள். ஒன்று ராயகிரியில் என் தங்கையின் புது வீட்டுப் பால்காய்ப்பு முடிந்த இரண்டாம் நாள். விசேஷ வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லையோ என்று ஆனந்தவல்லியிடம் கேட்டேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

“சாப்பாடு இல்ல. நாள் தள்ளிப்போக மாத்திரை குடுத்தேன். மூணு தடவையும். நீங்கதான ‘யாரும் ஒதுங்கி நிக்கக் கூடாது, போட்டோவுல எல்லாரும் இருக்கணும்’னு சொன்னிய?”

அதை நான் சொன்னது உண்மை. எந்தக் கடையில் வாங்கினாய் என்று கேட்டேன். “நானா வாங்குனேன்? சீட்ட மடிச்சுத் தந்தேன், நீங்கதான போயி வாங்கியாந்திய” என்றாள். சத்து மாத்திரை என்று நினைத்து மூன்று முறை வாங்கி வந்திருக்கிறேன்.

உடனே மருத்துவமனைக்குப் போன் செய்தேன். அன்னக்கிளி மருத்துவரிடம் கேட்டு வந்து சொன்னாள்: இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாதாம், ஆனால் அது சிலருக்குக் கிளப்பிவிடக்கூடுமாம், தன்னைக் கேட்காமல் இனி அந்த மாத்திரை கூடவே கூடாதாம். பிறகு அவளாகவே சொன்னாள்: “டாக்டர் அன்னைக்கே அந்தப் பிள்ளைட்ட கேட்டாகளே, வேற மாத்திரை ஏதும் சாப்பிடுதியான்னு. அது வாயத் தொறக்கதுக்கு முன்னாடி நீங்கதான ‘ஒண்ணும் கிடையாது’ன்னு சொன்னிய, தாத்தா?”

சொன்னேன். அப்போது வித்யா தலையைக் குனிந்துகொண்டதும் இப்போது ஞாபகம் வருகிறது. தபசு முடிந்து வருகிறேன் என்று அவள் சொன்னதன் பொருளும் தெரிகிறது: இன்னொரு விசேஷம் என்றால் இன்னொரு மாத்திரை.

ஆகவே, தபசுக்கு முன் அனுப்பச் சொன்னதைத் தாங்கள் கோடு போட்டு நீக்கிவிடவும். அவளுக்கு எப்போது வரத் தோன்றுகிறதோ அப்போது வரட்டும். வரத் தோன்றாவிட்டால் அதையும் என்னிடமே சொல்லட்டும். இருபத்தெட்டாம் தேதி மருத்துவரிடம் தாங்கள் அழைத்துப் போகவும். கேட்பதற்கு அவளே பதில் சொல்லட்டும், நான் வரமாட்டேன். நகலை இணைத்திருக்கிறேன். அதில் கடைசியாக ஒரு கட்டம் சேர்த்து, மாத்திரை வாங்கிய மூன்று தேதிகளையும், வாங்கியவர் பெயராக என் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். மேலே ஆறாவதாக நான் எழுதியது தவறு.