ஊஞ்சலுக்குக் கூண்டு

மதிப்பிற்குரிய மச்சான் ஆதிநாராயணன் அவர்களுக்கு,

கவரைப்பேட்டையிலிருந்து தங்கள் தங்கை ரத்னாவின் வீட்டுக்காரன் பூவராகவன் வணக்கத்துடன் எழுதுவது. பள்ளிப்பட்டில் தாங்களும் அக்காவும் சௌக்கியமாகவே இருப்பீர்கள். இங்கே ரத்னா சௌக்கியம். நான் சௌக்கியமா என்று அவளைத்தான் கேட்க வேண்டும், ஆனால் அவள் என்னோடு பேசுவதில்லை. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று யோசிப்பீர்கள். இந்த வீட்டில் நான் போனில் பேசினால் அடுப்படி வரைக்கும் கேட்கும். அதனால்தான்.

விஷயம் ஒரு பூங்கா. எங்கள் காலனிக்குப் பின்னால் சும்மா கிடக்கும் பஞ்சாயத்து நிலத்தில், ஒரு கம்பெனி செலவில் பூங்கா வரப்போகிறது. யாராவது இன்ஜினியர் வந்து வரைந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தால் ஒரு வம்பும் இல்லை. இளமதி என்று சென்னையிலிருந்து ஒரு பெண் வந்து, "பார்க் உங்களுது சார், நீங்கதான் டிசைன் பண்ணணும்" என்று சொல்லிவிட்டது. நான் வேலை பார்த்த காலம் முழுக்க என்னை யாரும் எதையும் டிசைன் பண்ணச் சொன்னதில்லை, ஓய்வு பெற்றபின் இது என்ன சோதனை? சமுதாயக் கூடத்தில் எங்களைக் குழு குழுவாகப் பிரித்து, கலர் கலராகச் சீட்டுக் கொடுத்து, சுவரில் ஒட்டச் சொன்னார்கள். நடைபாதைக் குழு, விளையாட்டுக் குழு, கழிப்பறைக் குழு, நிழல் குழு என்று போய்க்கொண்டே இருந்தது. ஒரு குழு ஒட்டியதன்மேல் இன்னொரு குழு வேறு கலரில் ஒட்டலாமாம். நான் பச்சைச் சீட்டில் எழுதியதை மஞ்சள் மூடியது, மஞ்சளை ரோஸ் மூடியது, என் கருத்து எங்கே போயிற்று என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். கண்டுபிடித்தபோது அது என் கையெழுத்துதானா என்றே சந்தேகமாகிவிட்டது.

இந்தக் கூத்துக்கு நான் போனதே ரத்னாவுக்காகத்தான். போன தீபாவளிக்குப் பேத்தியைக் கூட்டிக்கொண்டு திருவள்ளூரில் ஒரு பூங்காவுக்குப் போயிருந்தோம். பேத்தி சறுக்குமரத்துக்கு ஓடியதும் ரத்னா காலியாக இருந்த ஊஞ்சலில் உட்கார்ந்துவிட்டாள். உடனே வாட்ச்மேன் விசில் ஊதி, "இன்னாம்மா, சின்னப் பசங்க சாமான்ல குந்திக்கினு! எயுந்திரு!" என்று அத்தனை பேர் முன்னால் எழுப்பிவிட்டான். அவள் முகம் போன போக்கைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அதனால் நம்மூர்ப் பூங்கா பேச்சு வந்ததும், "பெரியவங்க ஆடறதுக்கு ஒரு ஊஞ்சல் கேளுங்க. ஒண்ணே ஒண்ணு" என்றாள். கேட்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்தபின்தான் உறைத்தது, கூட வேலை பார்த்தவர்கள் முன்னால் நரைத்த தலையோடு எழுந்து நின்று ஊஞ்சல் கேட்பது எப்படி?

நான் வாயைத் திறப்பதற்குள், தொழிற்சாலையில் பாதுகாப்புக் கமிட்டியில் இருந்தவன் என்று என்னைப் பிடித்துப் பாதுகாப்புக் குழுவில் போட்டுவிட்டார்கள். கூட இருப்பவர்கள் கிரேன் ஓட்டும் ஏழுமலையும், புதுவாயலில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் சாலமோனும். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் தொழிற்சாலைதானே மச்சான். நடைபாதையின் இரண்டு பக்கமும் மஞ்சள் கோடு போட்டோம். எல்லோரும் ஒரே திசையில் நடக்க வேண்டும் என்று அம்புக்குறி வைத்தோம். வேப்பமரத்தடி அவசரகாலத்தில் கூடும் இடம், ஆகவே மற்ற நேரத்தில் அங்கே யாரும் உட்காரக் கூடாது என்று எழுதினோம். முதலில் ஆர்வமாகக் குறித்துக்கொண்டிருந்த இளமதி, அதற்கப்புறம் பேனாவை மூடிவிட்டுத் தண்ணீர் குடித்தது.

பிறகு, விளையாட்டுக் குழு கேட்டிருந்த குழந்தைகள் ஊஞ்சல் எங்கள் பரிசீலனைக்கு வந்தது. இதுதான் சமயம், இதோடு பெரியவர்களுக்கும் ஒன்று என்று நைசாகச் சொல்லிவிடலாம் என்று நான் தொண்டையைக் கனைப்பதற்குள் ஏழுமலை முந்திக்கொண்டான்.

"மூவ் ஆவுற எதுவா இருந்தாலும் கூண்டு போடணும்பா. அதான் ரூல்."

"கூண்டு போட்டா உள்ள எப்டிபா குந்துவாங்க?" என்றான் சாலமோன்.

"குந்தக் கூடாது. அது ஓடிக்கினு இருக்கும்போது ஒருத்தரும் கிட்ட போவக் கூடாது. இன்னாபா, எல்லாருக்கும் ஓகேவா?"

மச்சான், அந்த 'எல்லாருக்கும் ஓகேவா' என்ற சொல்லைக் கேட்டால் என் கை தானாகத் தூக்கிக்கொள்ளும். கமிட்டியில் எத்தனையோ வருஷப் பழக்கம். தூக்கியபின்தான் எதற்குத் தூக்கினேன் என்று யோசித்தேன், அதற்குள் தீர்மானம் எழுதியாகிவிட்டது. இப்போது நம் பூங்கா வரைபடத்தில் ஒரு ஊஞ்சல் இருக்கிறது, சுற்றிலும் கம்பிக் கூண்டு இருக்கிறது, கூண்டுக்குப் பூட்டும் இருக்கிறது. அந்த வரைபடத்தை ரேஷன் கடைச் சுவரில் ஒட்டி, கீழே குழுவினர் பெயர் என்று என் பெயரை முதலில் போட்டுவிட்டார்கள். ரத்னா அரிசி வாங்கப் போனவள் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் மிக்ஸியிடம் சொல்கிறாள். "சிலருக்குக் காப்பி ஆறிப் போவுது" என்று அதனிடம் சொன்னால் நான் போய் எடுத்துக்கொள்ள வேண்டும். வீடு வீடாகவே இல்லை, பெரிய பேஜாராக இருக்கிறது. எனக்கு அழுகையே வருகிறது மச்சான்.

வருகிற ஞாயிறு ஊர்க்கூட்டத்தில் வரைபடம் முடிவாகிவிடும். தாங்கள் எப்படியாவது கிளம்பி வந்து, தங்கள் தங்கையிடம் நாலு வார்த்தை எனக்காகப் பேச வேண்டும். முடிந்தால் கூட்டத்தில் எழுந்து அந்த ஊஞ்சலையும் தாங்களே கேட்டுவிடுங்கள். வெளியூர்க்காரர் கேட்டால் யாரும் கேலி பண்ண மாட்டார்கள்.

அக்காவுக்கு என் வணக்கத்தையும், பிள்ளைகளுக்கு எங்கள் இருவருடைய ஆசியையும் (ரத்னாவைக் கேட்காமலேயே) சொல்லவும்.

தங்கள் அன்புள்ள,
பூவராகவன்

பி.கு. கடிதத்தைத் தபாலில் போட மறந்து சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்து போய்விட்டது. தாங்கள் வர வேண்டாம். கூட்டத்தில் ஏழுமலை, "எல்லாருக்கும் ஓகேவா?" என்றான். என் வலது கையை இடது கையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். என் சம்சாரம் கேட்கிறாள் என்று சொல்லத்தான் எழுந்தேன், ஆனால் பெண்கள் பக்கம் அவள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் வாயில் வேறு வந்துவிட்டது. "எனக்கு ஊஞ்சல் வேணும்பா. கூண்டு வேணாம். நான் ஆடணும்" என்றேன். எல்லோரும் சிரிக்கப் போகிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். "எனக்கும்தாம்பா" என்று ஏழுமலையின் குரல் கேட்டது. அப்புறம் யார் யாரோ கை தூக்கினார்கள். மஞ்சள் கோடு போயிற்று, அம்புக்குறி போயிற்று, இப்போது வரைபடத்தில் பெரியவர்கள் ஊஞ்சல் ஒரு வரிசை நிற்கிறது. சாலமோன் ஏழுமலையின் எடைக்குக் கணக்குப் போட்டு ஒன்றைச் செய்து கொண்டுவந்து சோதனைக்கு நட்டும் விட்டான். கேட்டவர்தான் முதலில் உட்கார வேண்டும் என்று என்னை உட்கார வைத்தார்கள். தள்ளிவிட ரத்னா வந்தாள். "இத்தினி வருசமா இந்த ஆசைய மனசுல வெச்சிக்கினு ஒரு வார்த்த சொல்லலியே நீங்க" என்றாள், மிக்ஸியிடம் இல்லை, என்னிடம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆசைப்பட்டது அவள்தானே? விளக்கிச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். "கால மடக்கிக்குங்க, தரையில இடிக்குது" என்று ஒரு தள்ளு தள்ளினாள். கொஞ்ச நேரம் கழித்து, "போதும், எறங்குங்க, நான் குந்தறேன்" என்றாள். இன்னும் ஒரு தரம் என்றேன்.