மாத்திரையின் பெயர் கேட்டு மைத்துனருக்கு எழுதியது

முத்தையாபுரம்,
5-8-1976, வியாழன், பகல் மூன்று மணி.

அன்பும் மதிப்பும் உள்ள மைத்துனர் காசிலிங்கம் அவர்களுக்கு, அத்தான் சங்கரலிங்கம் ஆசிகளுடன் எழுதிக்கொண்டது.

இங்கே நானும் உங்கள் அக்காள் தங்கத்தாயும் நலம். இந்த வரியை எழுதும் நேரம் வரைக்கும் உள்ள நிலவரத்தைத்தான் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எப்படியோ தெரியாது. அங்கே நீங்களும் குடும்பத்தாரும் சுகமாயிருக்கத் திருச்செந்தூர் முருகன் துணை நிற்பான்.

விஷயம் ஒன்றுதான். பொங்கலுக்கு வந்திருந்தபோது, உங்கள் அக்காளின் தலைசுற்றலுக்கு என்று ஒரு பழுப்புக் கவரில் மாத்திரை கொடுத்துவிட்டுப் போனீர்கள். கவரின்மேல் உங்கள் கையெழுத்தில் 'தலைசுற்றலுக்கு, வேளைக்கு ஒன்று' என்று மட்டும் இருக்கிறது. அதன் பெயர் என்ன? திருநெல்வேலியில் இருபது வருடமாகக் கம்பவுண்டராக இருக்கிற உங்களுக்கு இது ஒரு நிமிட வேலை. ஆனால் ஞாயிறு மாலை ஐந்து மணிக்குள் அந்தப் பெயர் என் கையில் இல்லாவிட்டால், ஒரு நல்ல மனிதர் செய்யாத குற்றத்தைச் சுமந்துகொண்டு ஒன்பது வருட உழைப்பை விட்டுப் போவார். ஏன், எப்படி என்று வரிசைப்படி சொல்கிறேன். முடிவை முதலில் சொன்னால் நீங்களும் என்னைச் சந்தேகப்படுவீர்கள். இப்போது இங்கே எல்லாருக்கும் எல்லார்மேலும் சந்தேகம், எனக்கு என்மேலும்.

நான் கப்பல் ஏஜென்சியில் முப்பத்தொரு வருடம் தோணியில் ஏறும் மூட்டைகளுக்குக் கோடு போட்டவன் என்பது உங்களுக்குத் தெரியும். நான்கு கோடு, குறுக்கே ஒன்று, ஆக ஐந்து மூட்டை. ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்காததால் எங்கள் ஊர் விடிவெள்ளி கைப்பந்துக் கழகத்துக்கு ஆட்டக் குறிப்பு எழுதி வருகிறேன். யார் எத்தனை முறை வலைக்கு மேலே எழும்பினார், எத்தனை அடி தரையில் விழுந்தது, எத்தனை வலையில் மாட்டியது, எல்லாம் கோடுதான். இதற்காகச் செயற்குழுவில் ஐந்தாவது ஆளாக என்னைச் சேர்த்திருக்கிறார்கள். நான் பேசுவதில்லை. மற்ற நான்கு பேரும் பேசி முடித்ததும் கையைத் தூக்குவேன்.

வைகாசி விசாகத்தை ஒட்டித் திருச்செந்தூரில் நடந்த பந்தயத்தில் ஆறுமுகநேரி அணியை வென்று கோப்பை வாங்கினோம். முதல் செட்டில் ஆறுக்குப் பதினைந்து என்று தோற்று, மீதி இரண்டையும் எடுத்தோம். எங்கள் முன்வரிசை ஆட்டக்காரன் செல்லப்பாண்டி, உப்பு லாரியில் மூட்டை ஏற்றுகிறவன், முதல் செட்டில் பதினான்கு முறை எழும்பி மூன்றுதான் அடித்தான். கடைசி செட்டில் பத்தொன்பது முறை எழும்பிப் பதினைந்து. எல்லாம் பயிற்சியாளர் தேவதாசனின் கைவண்ணம் என்று சொல்லி அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு கடற்கரை வரை போனார்கள். தேவதாசன் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டுகிறவர். வேலை முடிந்து எண்ணெய்ச் சட்டையோடு நேரே மைதானத்துக்கு வந்துவிடுவார். ஒன்பது வருடமாகக் கழகத்திடம் அவர் வாங்கியது சாயங்கால டீ ஒன்றுதான்.

போன மாதக் கடைசி ஞாயிறன்று சலூனில் முறைக்குக் காத்திருந்தேன். யாரோ பத்திரிகையை உரக்க வாசித்துக்கொண்டிருந்தார். மான்ட்ரீல் ஒலிம்பிக்கில் வீரர்களின் சிறுநீரைச் சீசாவில் பிடித்துச் சோதிக்கிறார்களாம். ஊக்க மருந்து தின்றது தெரிந்தால் பதக்கத்தைப் பிடுங்கிவிடுவார்களாம். நாற்காலியில் பாதிச் சவரத்தோடு உட்கார்ந்திருந்த செல்லப்பாண்டி, தின்று எத்தனை நாள் வரைக்கும் அது தெரியும் என்று கேட்டான். வாசித்தவருக்குத் தெரியவில்லை. மீதிச் சவரத்துக்கும் நிற்காமல் எழுந்து போய்விட்டான். அப்போதே எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

மறுநாள் செயற்குழுக் கூட்டம். கழகத் தலைவர் பலசரக்குக் கடை அய்யாக்குட்டியின் கடைக்குப் பின்னால் சரக்கு மூட்டை அடுக்கும் கிட்டங்கியில்தான் எப்போதும் கூடுவோம். செல்லப்பாண்டி கூப்பிடாமலே வந்து நின்றான். துறைமுகத்தில் வேலைக்கு மனுப் போட்டிருக்கிறானாம், அங்கேயும் சீசாவில் பிடித்துச் சோதித்தால் மானம் போய்விடுமாம், அதனால் நம் ஆட்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறானாம்.

"பைனல்ல ரெண்டாவது செட்டுக்கு முன்னால ஒரு மாத்திரை தின்னேன். யாரு தந்தான்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். தேவதாசன் அண்ணன் இல்ல. அத மட்டும் சொல்லிக்கிடுதேன்."

இந்தக் கடைசி வாக்கியத்தை அவன் சொல்லாமல் இருந்திருந்தால் தேவதாசன் தப்பித்திருப்பார். அய்யாக்குட்டி மூட்டையில் சாய்ந்துகொண்டு, கேக்காமலே அவரு இல்லேங்கான், அப்பம் அவரேதான் என்றார். மற்ற மூவரும் ஆமாம் என்றார்கள். எனக்கும் அது சரியான வாதம் போலத்தான் பட்டது. கையைப் பாதி தூக்கியும்விட்டேன். தேவதாசனைக் கூப்பிட்டு விட்டுக் கேட்டார்கள். அவர் சத்தியம் செய்யவில்லை, கோபப்படவுமில்லை. கழுத்தில் கிடந்த ஊதலைக் கழற்றி மிளகாய் மூட்டை மேல் வைத்தார்.

"மாத்திரைய நம்பியா வே ஒம்பது வருசம் வெயில்ல நின்னேன்?" என்று அய்யாக்குட்டியைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அப்படியானால் கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டுமா என்று நான் மெதுவாகக் கேட்டேன். ஐந்து வருடத்தில் நான் கூட்டத்தில் கேட்ட முதல் கேள்வி. கோப்பை அய்யாக்குட்டியின் கடையில் பிஸ்கட் பாட்டிலுக்கும் பொரிகடலை டின்னுக்கும் நடுவே இருக்கிறது. அவர் அதை எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, மாத்திரை தின்னது தப்பு. கோப்பை என்ன தப்பு பண்ணிச்சு" என்றார். வெளியே தெரியாமல் பயிற்சியாளரை மட்டும் மாற்றிவிடுவது, எட்டாம் தேதி ஞாயிறன்று அதை எழுதிக் கையெழுத்துப் போடுவது என்று முடிவாயிற்று. புதிய பயிற்சியாளர் செந்தூர்பாண்டி, பட்டாளத்திலிருந்து திரும்பியவர், சான்றிதழ் வைத்திருப்பவர், அய்யாக்குட்டியின் சகலைக்குத் தம்பி. இந்தக் கடைசித் தகவலைக் கூட்டத்தில் யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

அதிலிருந்து எனக்குத் தூக்கம் கெட்டது. தேவதாசன் செய்திருக்க மாட்டார் என்று மனது சொல்கிறது. ஆனால் என் மனது பல தடவை தப்பாகச் சொல்லியிருக்கிறது. ஆகையால் ஒரு தாளில் சந்தேகப்பட வேண்டியவர்களின் பெயர்களை எழுதினேன். ஒன்று, செந்தூர்பாண்டி, பதவி கிடைக்கிறது. இரண்டு, அய்யாக்குட்டி, சகலை. மூன்று, செல்லப்பாண்டியே, யாரோ சொல்லிக்கொடுத்து, தின்னாத மாத்திரையைத் தின்றதாகச் சொல்லியிருக்கலாம். நான்கு, ஆறுமுகநேரிக்காரர்கள், ஆனால் தாங்கள் தோற்பதற்காக எதிரணிக்கு ஊக்க மருந்து கொடுப்பார்களா என்று யோசித்து அடித்துவிட்டேன். இவர்களில் அன்றைக்கு ஆட்டக்காரர்களுக்குப் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று பார்க்க வேண்டுமே என்று என் குறிப்பு நோட்டை எடுத்து அந்த ஆட்டத்தின் பக்கத்தைப் புரட்டினேன். ஓரத்தில் பென்சிலால், என்னுடைய கையெழுத்தில், எழுதியிருந்தது: 'செ.பா. தலைசுற்றல். மாத்திரை 1 கொடுக்கப்பட்டது. நேரம் 5.10.'

நம்புங்கள் மாப்பிள்ளை, எனக்கு அது அடியோடு மறந்துபோயிருந்தது. அதைப் பார்த்ததும்தான் ஒவ்வொன்றாக நினைவு வந்தது. முதல் செட் முடிந்து பையன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். வெயில். உங்கள் அக்காளும் விசாகத்துக்கு வந்திருந்ததால் உங்கள் கவர் என் சட்டைப் பையில் இருந்தது. தலைசுற்றலுக்கு என்று எழுதியிருக்கிறதே, அவனுக்குத் தலைதானே சுற்றுகிறது என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தேன், கொடுத்ததைக் குறித்தும் வைத்தேன். முப்பத்தொரு வருடம் மூட்டையை எண்ணினேனே தவிர, மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டவன் அல்ல. அந்தப் புத்தி அங்கேயும் வந்துவிட்டது.

செல்லப்பாண்டியைத் தேடி உப்பளத்துக்கே போனேன். ஏனப்பா என் பெயரைச் சொல்லவில்லை என்று கேட்டேன். பெரியவரைக் காட்டிக் கொடுக்கக் கூடாது என்றுதான் என்று முதலில் இழுத்தான். பிறகு உண்மையைச் சொன்னான். "ஒங்க பேரச் சொன்னா எவன் நம்புவான், பெரியப்பா? நான் குடிச்சிட்டு வந்து பேசுதேன்னு சொல்லுவானுவ" என்றான்.

அவன் சொன்னது எவ்வளவு சரி என்று அன்று சாயங்காலமே தெரிந்துவிட்டது. கடையில் கூட்டம் குறைகிற வரை காத்திருந்து, இரண்டு முறை திரும்பிப் போய், மூன்றாம் முறை அய்யாக்குட்டி முன்னால் நின்று, கொடுத்தது நான்தான் என்று சொல்லிவிட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே துணிச்சலான காரியம் இது. அவர் சிரிக்கக்கூட இல்லை. என்னைப் பரிதாபமாகப் பார்த்து ஸ்டூலில் உட்கார வைத்து, சோடா உடைத்துக் கொடுத்தார். "அண்ணாச்சி, நீங்க ஒரு மாத்திரைய நாலா ஒடிச்சு, மறுநா திங்கலாமான்னு யோசிக்கிற ஆளு. நீங்க இன்னொருத்தனுக்குக் குடுத்தீங்களாக்கும். தேவதாசன் ஒங்கள அனுப்பி வச்சானா?" என்றார். நோட்டைக் காட்டினேன். எழுதினது நீங்கதான, எப்பம் வேணும்னாலும் எழுதலாம்லா என்றார். என் நோட்டைச் சுங்கத்துக்காரர்கூடச் சந்தேகப்பட்டதில்லை மாப்பிள்ளை. கண் கலங்கிவிட்டது. அதையும் அவர் பார்த்துவிட்டு, சரி அண்ணாச்சி, நீங்கதான் குடுத்தீங்கன்னா மாத்திரை பேரச் சொல்லுங்க, ஞாயித்துக்கிழமை கூட்டத்துல எழுதிக்கிடுவோம், தேவதாசன விட்டுருவோம் என்றார். எனக்குப் பெயர் தெரியவில்லை. பெயர் தெரியாத மாத்திரையைக் கொடுத்தேன் என்று ஒப்புக்கொள்கிறவனை நான் தலைவராக இருந்தாலும் நம்ப மாட்டேன்.

இதற்கிடையில் செந்தூர்பாண்டி பயிற்சியைத் தொடங்கிவிட்டார். காலை ஐந்து மணிக்கு மணலில் ஓடவிடுகிறார், பந்தைக் கண்ணில் காட்டுவதில்லை. டீ கூடாது, அதுவும் ஊக்க மருந்துதானாம். அதற்குப் பதிலாக ஆளுக்கு இரண்டு பச்சை முட்டையைப் பாலில் அடித்துக் கொடுக்கிறார். டீ ஊக்க மருந்து என்றால் முட்டை என்ன? சுக்குக் காப்பி என்ன? ஒருவன் தெம்புக்காகத் தின்பது எதுவரைக்கும் சாப்பாடு, எதிலிருந்து குற்றம் என்று மான்ட்ரீலில் உள்ளவர்களாவது தெளிவாக எழுதி வைத்திருந்தால் நன்றாயிருக்கும். பயிற்சியாளரை மாற்றுவது பற்றியும் எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. தோற்ற அணி மாற்றினால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஜெயித்த அணி மாற்றினால் யாருடைய சகலைக்கோ தம்பி இருக்கிறார் என்று பொருள். இதைக் கூட்டத்தில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லாததால் உங்களுக்கு எழுதுகிறேன்.

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முதல் செட்டில் எங்களுக்கு எதிர்வெயில். பக்கம் மாறிய பிறகு வெயில் ஆறுமுகநேரிக்காரர்கள் கண்ணில் அடித்தது. கடைசி செட்டில் வெயிலே இல்லை. செல்லப்பாண்டி நன்றாக அடித்தது மாத்திரையாலா, வெயில் போனதாலா, இடைவேளையில் தேவதாசன் அவன் காதில் ஏதோ சொன்னாரே அதனாலா? என் கோடுகள் எத்தனை அடி என்று சொல்கின்றனவே தவிர ஏன் என்று சொல்வதில்லை. அது வெறும் பித்தத்துக்கான மாத்திரை என்று நீங்கள் எழுதிவிட்டால் குற்றமே இல்லை, யாரும் போக வேண்டியதில்லை. தெம்பு மருந்துதான் என்றால் தண்டனை எனக்கு, தேவதாசனுக்கு இல்லை. இரண்டில் எது என்றாலும் சரி, பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி, உங்கள் டாக்டரின் முத்திரையும் கிடைத்தால் வைத்து, மறு தபாலில் அனுப்ப வேண்டுகிறேன். தபால் தாமதமாகும் போலிருந்தால் தந்தி கொடுங்கள்.

உங்கள் வீட்டிலும் பிள்ளைகளிடமும் எங்கள் விசாரிப்பைச் சொல்லவும். எல்லாரும் நோய் நொடி இல்லாமல், குறிப்பாக மாத்திரை தேவைப்படாமல், நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்

உங்கள் அத்தான்,
ச. சங்கரலிங்கம்.

பின்குறிப்பு (வெள்ளி, காலை பத்து மணி): தயவுசெய்து பெயரை எழுத வேண்டாம். தந்தியும் வேண்டாம். தபால் தலையை ஒட்டிவிட்டதால் கடிதத்தை அனுப்புகிறேனே தவிர, மேலே கேட்ட எதையும் நான் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்ளவும். காலை ஏழு மணிக்குத் தேவதாசன் வந்தார். நான் அழாக்குறையாக மன்னிப்புக் கேட்டேன். அவர் சந்தோஷமாக இருந்தார். ஆறுமுகநேரிக்காரர்கள் போன வாரமே அவரைப் பயிற்சியாளராகக் கூப்பிட்டுக்கொண்டார்களாம், டீயோடு வடையும் உண்டாம். செல்லப்பாண்டி எல்லாம் சொன்னான் என்றார். உங்கள் அக்காள் காப்பி எடுக்க உள்ளே போனதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "அண்ணாச்சி, அந்த மாத்திரைக்குப் பேரு என்ன?" என்றார். எட்டு மணிக்குச் செந்தூர்பாண்டி, ஒரு ஆட்டத்துக்கு ஒன்றா இரண்டா என்று கேட்டார். எட்டரைக்கு அய்யாக்குட்டி, என்னை நம்பவே முடியாது என்று சொன்ன அதே அய்யாக்குட்டி, அரைக் கிலோ பேரீச்சம்பழத்தோடு வந்து, இப்போது நம்புவதாகச் சொன்னார். மூன்று பேரிடமும் தெரியாது என்ற உண்மையையே சொன்னேன். மூன்று பேரும் நம்பவில்லை. அவர்கள் போன பிறகு, ஒரு மனத்திருப்திக்காக, அவர்கள் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பக்கத்து மேசையில் கிடந்த கவரை எடுத்து எண்ணினேன். நீங்கள் தந்தது பத்து. உங்கள் அக்காள் தின்றது நாலு, செல்லப்பாண்டிக்குக் கொடுத்தது ஒன்று. ஐந்து இருக்க வேண்டும். மூன்று தடவை எண்ணிவிட்டேன், இரண்டுதான் இருக்கிறது. ஆகவே உங்கள் அக்காளுக்காக இன்னும் பத்து அனுப்பி வையுங்கள். ஆனால் கவரின்மேல் தலைசுற்றலுக்கு என்று எழுத வேண்டாம்; எலிக்கு என்று எழுதுங்கள். உங்கள் அக்காளிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.